மைல் இருக்கிறது, சீட் எங்கே? அவார்டு டிக்கெட்டும் அப்கிரேடும் வாங்க முழுமையான வழிகாட்டி

விமான மைல் சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. பறந்தால் சேரும், கிரெடிட் கார்டில் மளிகை வாங்கினாலும் சேரும். அதைச் செலவழிக்கப் போகும்போதுதான் எரிச்சல் தொடங்குகிறது. கணக்கில் 1 லட்சம் மைல் இருக்கும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று தேதியைப் போட்டால், மாதம் முழுக்க ஒரு சீட்டும் காட்டாது. அதே விமானத்துக்குப் பணம் கட்டத் தயார் என்றால் ஒன்பது சீட் உடனே கொடுப்பார்கள். “மைல் என்பதே ஏமாற்று” என்று பலரும் இந்த இடத்தில் கைகழுவி விடுகிறார்கள்.

ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். விதிகளை விமான நிறுவனம் எழுதியது, தன் வசதிக்கு எழுதியது, அவ்வளவுதான். அந்த விதிகள் தெரிந்தால் ஓரளவு சமாளிக்கலாம். மைலைக் குவித்துவிட்டு சீட்டைத் தேடுகிற பழக்கத்தை மட்டும் முதலில் விட வேண்டும். எந்த வழித்தடத்தில், எந்த மாதத்தில், எந்தத் திட்டத்தின் வழியாக சீட் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற மைலைச் சேர்ப்பதுதான் சரியான வரிசை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகின்றன.

காலி சீட் இருந்தும் ஏன் தருவதில்லை?

நம் கண்ணுக்கு எகானமி, பிசினஸ் என்று இரண்டு மூன்று வகுப்புதான் தெரியும். கணினிக்குள் அதே விமானம் பல கட்டண வகுப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. மைல் கொடுத்து எடுக்கும் அவார்டு சீட்டுக்கும் தனி எழுத்து உண்டு. ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் உள்ள விமான நிறுவனங்கள் தங்கள் கூட்டாளிகளின் உறுப்பினர்களுக்குத் தரும் அவார்டு சீட் எகானமியில் ‘எக்ஸ்’, பிசினஸில் ‘ஐ’, முதல் வகுப்பில் ‘ஓ’. பிசினஸில் இருபது சீட் காலியாகக் கிடந்தாலும் ‘ஐ’யில் பூஜ்யம் என்றால் உங்களுக்கு இல்லை. இந்த எண்ணை வருவாய் மேலாண்மைப் பிரிவு மாற்றிக்கொண்டே இருக்கும். கடைசி நேரத்தில் முழு விலை கொடுக்க ஆள் வருமா என்பதுதான் அவர்கள் கணக்கு. வராது என்று தோன்றினால் திறப்பார்கள்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில், எப்படியும் காலியாகப் போகிற சீட்டை விசுவாசமான வாடிக்கையாளருக்குக் கொடுப்பது என்பதுதான் யோசனை. பிறகு வங்கிகள் வந்தன. விமான நிறுவனம் மைலை வங்கிக்கு மொத்தமாக விற்கிறது, வங்கி அதைக் கார்டுக்காரருக்குக் கொடுக்கிறது. இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பது 2020-இல் வெளியே தெரிந்தது: கோவிட் நெருக்கடியில் யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கியபோது, அந்தத் திட்டத்துக்கு ஏறக்குறைய 2,200 கோடி டாலர் மதிப்பு என்று காட்டியது. மைலை எவ்வளவு வேண்டுமானாலும் வெளியிடலாம். விமானத்தில் காலி சீட் அப்படிப் பெருகாது. நெரிசலுக்குக் காரணம் இதுதான்.

நெரிசலைச் சமாளிக்க நிறுவனங்கள் விலையை ஏற்றுகின்றன. டெல்டா 2015-இலும் யுனைடெட் 2019-இலும் நிலையான மைல் அட்டவணையையே எடுத்துவிட்டன. இப்போது அங்கே ரொக்க விலை ஏறினால் மைல் விலையும் ஏறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டம் இன்னும் அட்டவணையை வைத்திருக்கிறது. அதில் குறைந்த விலை சேவர், கூடுதல் விலை அட்வான்டேஜ் (மேலே சொன்ன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திட்டம் அல்ல). 2025 நவம்பரிலிருந்து விலை மாறிக்கொண்டே இருக்கும் ஆக்ஸஸ் என்ற மூன்றாவது வகையும் வந்திருக்கிறது. நாம் தேட வேண்டியது சேவர். அந்தச் சேவர் விலையும் 2022 ஜூலையில் ஒருமுறை, 2025 நவம்பரில் ஒருமுறை ஏறியது. ஆகவே “ஓய்வு பெற்ற பிறகு உலகம் சுற்றலாம்” என்று பத்து வருடத்துக்கு மைலைப் பூட்டி வைப்பது வீண்.

முதல் படி: எந்தத் திட்டம் என்று முடிவு செய்யுங்கள்

நாலைந்து திட்டங்களில் எட்டாயிரம், பத்தாயிரம் என்று சிதறிக் கிடக்கும் மைலால் ஒரு பயனும் இல்லை. நீங்கள் எங்கிருந்து எங்கே அதிகம் போவீர்கள் என்பதை வைத்து ஒன்று, மிஞ்சினால் இரண்டு திட்டம் போதும்.

சென்னையை வைத்துச் சொன்னால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, ஏர் இந்தியா ஆகியவை ஸ்டார் அலையன்ஸ். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் ஆகியவை ஒன்வேர்ல்டு. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. ஒரு கூட்டணியில் ஒரு திட்டத்தில் மைல் இருந்தால், அதே கூட்டணியின் மற்ற விமானங்களுக்கும் அதைப் பயன்படுத்தலாம்; அவர்கள் கூட்டாளிக்கென்று சீட் திறந்திருந்தால் மட்டும். இந்த ‘மட்டும்’ பெரிய விஷயம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நீண்டதூர விமானங்களின் மேல்வகுப்பு சீட்டுகளைப் பெரும்பாலும் தன் கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்கிறது. ஆகவே சிங்கப்பூர் வழியாக சிட்னிக்கோ டோக்கியோவுக்கோ பிசினஸில் போக ஆசை என்றால், ஏர் இந்தியா பாயின்டை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

திருச்சி, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு கசப்பான செய்தி: இந்த ஆட்டம் பெரும்பாலும் சென்னையில்தான். திருச்சி, கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கிற ஸ்கூட்டில் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவு விமான நிறுவனம்) கிரிஸ்ஃபிளையர் மைலைப் பணம்போலக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் மைலுக்குக் கிடைக்கும் மதிப்பு குறைவு. திருச்சி, மதுரையிலிருந்து ஸ்ரீலங்கன் கொழும்புக்குப் பறக்கிறது. அது ஒன்வேர்ல்டு என்பதால் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பாயின்டான ஏவியோஸ் வைத்திருப்பவர்கள் அந்த வழியைப் பார்க்கலாம்.

டொராண்டோவில் இருப்பவர்களுக்கு ஏர் கனடாவின் ஏரோபிளான் நல்ல திட்டம் என்பது என் கருத்து. கூட்டாளி விமானங்களில் எரிபொருள் சர்சார்ஜை அது வாங்குவதில்லை. 39 கனடிய டாலர் பதிவுக் கட்டணம் மட்டும். ஒரு வழிப் பயணத்திலேயே 5,000 பாயின்ட் கூடுதலாகக் கொடுத்து, ஃபிராங்க்ஃபர்ட்டில் இரண்டு நாள் இறங்கிவிட்டுச் சென்னைக்கு வரலாம்.

குடும்பமாகச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். கிரிஸ்ஃபிளையரில் கணவன், மனைவி, பிள்ளைகளின் மைல்களை ஒன்றாகச் சேர்க்க முடியாது. நான்கு பேரிடமும் தலைக்குப் பன்னிரண்டாயிரம் இருந்தால் அது நாற்பத்தெட்டாயிரம் ஆகாது. ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம், அதற்கு அவர்களை நாமினிகளாகப் பதிய வேண்டும், ஐந்து பேர் வரை. பிரிட்டிஷ் ஏர்வேஸ், எமிரேட்ஸ் இரண்டிலும் குடும்பக் கணக்கு உண்டு.

இரண்டாம் படி: பெயரைச் சரிசெய்யுங்கள்

சின்ன விஷயம்போலத் தெரியும், நம்மவர்களுக்கு இது பெரிய தலைவலி. இனிஷியல்! கார்டு வாங்கும்போது ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் கார்த்திக் முதல் பெயர், அப்பா பெயர் சண்முகம் சர்நேம், மைல் கணக்கில் வெறும் ‘கார்த்திக் எஸ்’. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாகவே இருப்பவர்களும் நிறைய. மைல் கணக்கின் பெயரும் டிக்கெட்டின் பெயரும் பொருந்தவில்லை என்றால் பறந்த மைல் சேராது. வங்கியிலிருந்து பாயின்ட் மாற்றுவதும் நின்றுபோகும். கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே திறங்கள். ஏற்கெனவே தவறாக இருந்தால், பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து இப்போதே மாற்றிவிடுங்கள். சீட் கிடைத்த அன்று இதற்காக வாடிக்கையாளர் சேவைக்குக் காத்திருக்க நேரம் இருக்காது.

பறந்தும் மைல் சேரவில்லை என்றால் கேட்டு வாங்கலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு. கிரிஸ்ஃபிளையரில் ஆறு மாதம். மைல் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.

மூன்றாம் படி: சீட்டைத் தேடுவது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

அவார்டு சீட் அதிகம் திறப்பது இரண்டு காலங்களில். ஒன்று, முன்பதிவு திறக்கும் நாள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் பயணத்துக்கு 355 நாள் முன்னால் திறக்கின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: நீண்டதூர விமானம் ஒவ்வொன்றிலும் எகானமியில் 8, பிரீமியம் எகானமியில் 2, பிசினஸில் 4 அவார்டு சீட்டாவது தருவோம் என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். சென்னை–லண்டன் விமானத்துக்கும் இது பொருந்தும். திறப்பது லண்டன் நேரம் நள்ளிரவை ஒட்டி. இந்தியாவில் அது அதிகாலை. பள்ளி விடுமுறைக்கு நான்கு பேர் சேர்ந்து போக வேண்டும் என்றால் அலாரம் வைத்து எழுந்திருப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த முறையில் ஒரு சிக்கல் வரும். போகும் தேதி திறந்திருக்கும், திரும்பும் தேதி இன்னும் திறந்திருக்காது. இருவழியாகத் தேடினால் எதுவும் காட்டாது. போவதை ஒருவழி டிக்கெட்டாக எடுத்துவிட்டு, திரும்புவதை அந்த நாள் திறக்கும்போது தனியாக எடுங்கள்.

இரண்டாவது காலம், கடைசி இரண்டு வாரம். விற்காத சீட் என்று தெரிந்த பிறகு திறந்துவிடுவார்கள். லுஃப்தான்சாவின் முதல் வகுப்பு கூட்டாளித் திட்டங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி நேரத்தில்தான். தனியாகப் போகிறவர்கள், விடுப்பை மாற்றக்கூடியவர்கள், ஓய்வு பெற்றவர்கள் ஆகியோருக்கு இது தோதானது. கிரிஸ்ஃபிளையர் மாதந்தோறும் ‘ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ்’ என்று அடுத்த மாதப் பயணங்களுக்குச் சலுகை அறிவிக்கிறது, வழக்கமாக 30 சதவீதம் குறைவு. ஆனால் எடுத்தால் எடுத்ததுதான், மாற்ற முடியாது. இந்த இரண்டு காலங்களுக்கு நடுவில், அதாவது பயணத்துக்கு ஆறேழு மாதம் இருக்கும்போது, தேடி மனம் வெறுத்துப் போகிறவர்கள்தான் அதிகம்.

தேடும் முறைக்கு வருவோம். நான்கு பேருக்குத் தேடும்போது மூன்று சீட் மட்டும் இருந்தால் அது ‘மூன்று இருக்கிறது’ என்று சொல்லாது, ‘இல்லை’ என்றே சொல்லும். முதலில் ஒரு ஆளுக்குத் தேடுங்கள். இருந்தால் இரண்டு, மூன்று என்று ஏற்றிப் பாருங்கள். முந்தைய நாள் விமானத்தில் இருவர், மறுநாள் இருவர் என்று பிரித்துப் போகலாம். பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பெரியவர் இருக்கும்படி பிரியுங்கள்.

தொடர் விமானங்களில் இன்னொரு கூத்து உண்டு. சிங்கப்பூர்–டோக்கியோ மட்டும் தேடினால் சீட் இருக்காது. சென்னை–டோக்கியோ என்று தேடினால் அதே விமானத்தில் இருக்கும். சில சமயம் தலைகீழாகவும் நடக்கும். இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஒரே பயணமாக நிறுவனம் மதிப்பிடுவதால் வருவது இது. அதனால் முழுப் பயணமாக ஒருமுறை, துண்டு துண்டாக ஒருமுறை தேடுங்கள்.

ஸ்டார் அலையன்ஸ் கூட்டாளி சீட்டுகளை யுனைடெட், ஏரோபிளான் தளங்களில் பணம் எதுவும் கட்டாமல் தேடலாம். அங்கே மைல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சீட் இருக்கிறதா என்று பார்க்கத்தானே. சீட்ஸ்.ஏரோ, எக்ஸ்பர்ட்ஃபிளையர் போன்ற சேவைகள் சீட் திறந்ததும் அறிவிப்பு அனுப்பும். நிறுவனங்களுக்கு இவை பிடிப்பதில்லை. 2023-இல் ஏர் கனடா சீட்ஸ்.ஏரோ மீது வழக்கே போட்டது.

தேதிகளில் பிடிவாதம் வேண்டாம். பொங்கலுக்கு முந்தைய வாரம் சென்னைக்கு, தீபாவளி வாரம் எங்கும், ஜூன், டிசம்பரில் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை, ஏப்ரல் கடைசி தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை: இந்த நாட்களில் சேவர் தேடுவது நேர விரயத்துக்குப் பக்கத்தில். அதே நேரம் கூட்டம் போகும் திசைக்கு எதிர்த்திசையில் சீட் இருக்கும். போவதைப் பணத்திலும் திரும்புவதை மைலிலும் எடுப்பது பல சமயம் நல்ல கணக்கு.

வெயிட்லிஸ்ட் பற்றி

கிரிஸ்ஃபிளையரில் சேவர் இல்லை என்றால் வெயிட்லிஸ்டில் நிற்கலாம். நிற்கவே கணக்கில் முழு மைலும் இருக்க வேண்டும். சீட் உறுதியாகும்போதுதான் கழிப்பார்கள். எத்தனையாவது இடத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்ல மாட்டார்கள். ரயில்வே வெயிட்டிங் லிஸ்ட்போல எண் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ள வழியில்லை. பின்னால் சேர்ந்த மேல்நிலை உறுப்பினர் (அதிகம் பறந்து அந்தத் தகுதி பெற்றவர்) உங்களைத் தாண்டிப் போகலாம். ஆகவே வெயிட்லிஸ்டை மட்டும் நம்பித் திருமணத்துக்கோ காரியத்துக்கோ பயணம் வைக்காதீர்கள். கையில் ரத்து செய்யக்கூடிய வேறொரு டிக்கெட் இருக்கட்டும்.

நான்காம் படி: கணக்குப் போடுங்கள்

மைல் டிக்கெட் இலவசம் இல்லை. வரி, விமான நிலையக் கட்டணம், சில நிறுவனங்களில் எரிபொருள் சர்சார்ஜ் எல்லாம் ரொக்கமாகக் கட்ட வேண்டும். டிக்கெட் விவரத்தில் ஒய்கியூ அல்லது ஒய்ஆர் என்று இருப்பது அரசாங்க வரி அல்ல, விமான நிறுவனம் தனக்கே வாங்கிக்கொள்வது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களின் அவார்டுக்கு இதை 2017-இல் எடுத்துவிட்டது. அதே கிரிஸ்ஃபிளையர் மைலில் லுஃப்தான்சாவை எடுத்தால் சர்சார்ஜ் வரும்.

லண்டனிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஏர் பாசஞ்சர் டியூட்டி என்ற பிரிட்டன் அரசு வரி தனி. 2025 ஏப்ரலில் தொடங்கிய வரி ஆண்டில், இந்தியா அடங்கும் தூரப் பிரிவுக்கு எகானமியில் 90 பவுண்டு, மேல்வகுப்புகளில் 216 பவுண்டு, அவ்வப்போது ஏறும். மைல் டிக்கெட் என்று இதில் சலுகை இல்லை. 16 வயதுக்குக் கீழ் எகானமியில் போனால் விலக்கு. சென்னையில் தொடங்கி லண்டனில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறி அமெரிக்காவுக்குப் போகும் டிக்கெட்டுக்கு இந்த வரி கிடையாது. ஆசைப்பட்டு லண்டனில் இரண்டு நாள் தங்கினால் வந்துவிடும்.

கணக்கு இப்படி. டிக்கெட் ரொக்கத்தில் 30,000 ரூபாய், அவார்டில் 16,000 மைலும் 6,000 ரூபாயும் என்று வைத்துக்கொள்வோம். 30,000-இல் 6,000 போக மீதி 24,000. அதை 16,000-ஆல் வகுத்தால் மைலுக்கு ஒன்றரை ரூபாய். அந்த மைலுக்காக நீங்கள் விட்டுக்கொடுத்த கேஷ்பேக் மைலுக்கு ஒரு ரூபாய் என்றால் லாபம். இரண்டு ரூபாய் என்றால் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கிவிட்டு மைலை வைத்துக்கொள்ளுங்கள்.

பிசினஸ் வகுப்பில் இந்தக் கணக்கு ஆளை மயக்கும். இரண்டு லட்சம் ரூபாய் டிக்கெட், அதனால் மைலுக்கு நாலு ரூபாய் மதிப்பு என்று பெருமைப்படுவார்கள். நீங்கள் அந்த இரண்டு லட்சத்தைக் கையிலிருந்து கொடுத்திருப்பீர்களா? எழுபதாயிரத்துக்கு மேல் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்றால் எழுபதாயிரத்தை வைத்துத்தான் வகுக்க வேண்டும். இப்படிப் போட்டாலும் பல சமயம் பிசினஸே வெல்லும், அது வேறு.

ஐந்தாம் படி: பாயின்டை மாற்றுவது

வங்கிக் கார்டு பாயின்டை விமான மைலாக மாற்றினால் திரும்பப் பெற முடியாது. சில வங்கிகளில் உடனே ஏறும், சிலவற்றில் பல நாள் ஆகும். அதற்குள் சீட் போய்விடலாம். இது உண்மையான இக்கட்டு, முழுத் தீர்வு கிடையாது. ஒரே ஒரு பயணத்துக்கு என்று தெளிவாகத் தெரிந்தால், முன்பதிவு திறக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே மாற்றி வையுங்கள். அப்படித் திட்டம் இல்லாதபோது பாயின்டை வங்கியிலேயே விடுங்கள். ஒரே பாயின்ட் பல திட்டங்களுக்குப் போகக்கூடியது என்பதுதான் அதன் பலம்.

மாற்றும் முன் சீட் நிஜமானதா என்று பாருங்கள். கூட்டாளித் தளத்தில் இருப்பதாகக் காட்டி, பணம் கட்டும் திரையில் ‘பிழை’ என்று சொல்லும் பேய் சீட்டுகள் உண்டு. குறைந்தது இரண்டு தளங்களில் அதே விமானம், அதே வகுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். பயணிகள் விவரம் கேட்கும் திரையைத் தாண்டி, கட்டணத் திரை வரை போய்ப் பாருங்கள்.

டிக்கெட் எடுத்த பிறகும் வேலை இருக்கிறது. ஆறு எழுத்துப் பிஎன்ஆர் மட்டும் வந்தால் போதாது. 13 இலக்க டிக்கெட் எண் வர வேண்டும்: கிரிஸ்ஃபிளையரில் எடுத்தது 618 என்று தொடங்கும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் 125, ஏர் இந்தியா 098. ஒரு நாள் கழித்தும் அந்த எண் வரவில்லை என்றால் போன் செய்யுங்கள். கூட்டாளி விமானம் என்றால் அவர்களுடைய தனிப் பிஎன்ஆரையும் கேட்டு வாங்கி, அவர்கள் தளத்தில் பெயரும் சீட்டும் சரியா என்று பாருங்கள்.

அப்கிரேடு: இது வேறு ஆட்டம்

எகானமி டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கி, மைல் கொடுத்துப் பிசினஸுக்கு ஏறலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் உள்ளே போக முடியும்.

முதல் கதவு, உங்கள் கட்டண வகை. மலிவு டிக்கெட்டுகளை அப்கிரேடு செய்ய விடமாட்டார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் எகானமி லைட் செல்லாது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் மிக மலிவான எகானமி வகைகளான ஓ, கியூ, ஜி செல்லாது. அப்கிரேடு செய்யக்கூடிய கட்டணம் சில நேரம் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருக்கும். ‘பிறகு அப்கிரேடு செய்துகொள்ளலாம்’ என்று மலிவு டிக்கெட் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டாவது, அவார்டு சீட் கிடைக்க வேண்டிய அதே கட்டண வகுப்பில்தான் அப்கிரேடு சீட்டும் கிடைக்க வேண்டும். சேவர் பிசினஸ் இல்லை என்றால் சேவர் அப்கிரேடும் இல்லை. மூன்றாவது, விமானத்தை இயக்குவதும் டிக்கெட்டைக் கொடுத்ததும் பெரும்பாலும் அதே நிறுவனமாக இருக்க வேண்டும். கோட்ஷேர் எண்ணில் (ஒரு நிறுவனம் தன் எண்ணில் விற்று, வேறொரு நிறுவனம் இயக்கும் விமானம்) வாங்கிய டிக்கெட்டுக்குப் பொதுவாக வாய்ப்பில்லை. நான்காவது, ஒரு வகுப்புதான் ஏற முடியும் என்பது பரவலான விதி. பிரீமியம் எகானமி உள்ள விமானத்தில் எகானமியிலிருந்து நேராகப் பிசினஸுக்குத் தாவலாம் என்று எண்ணி வாங்காதீர்கள்.

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் கூட்டிப் பாருங்கள்: கூடுதல் கட்டண டிக்கெட், அதற்கு மேல் மைல். அந்தத் தொகைக்கும் மைலுக்கும் முழு பிசினஸ் அவார்டே கிடைத்துவிடும் நேரங்கள் நிறைய. என் அபிப்பிராயத்தில், கம்பெனி காசில் டிக்கெட் வாங்குகிறவருக்குத்தான் மைல் அப்கிரேடு உண்மையில் பொருந்தும். டிக்கெட் விலை கம்பெனிக்கு, மைல் மட்டும் உங்களுக்கு.

செய்வது என்று முடிவெடுத்தால் நீண்ட பகுதிக்குச் செய்யுங்கள். சென்னை–சிங்கப்பூர் நாலு மணி நேரம். சாப்பிட்டு முடிப்பதற்குள் இறக்கத் தொடங்குவார்கள். சிங்கப்பூர்–சிட்னி ஏறக்குறைய எட்டு மணி நேரம், அதில் படுக்கைக்கு அர்த்தம் உண்டு. அப்கிரேடு ஆனதும் உணவுக் குறிப்பு அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சைவக்காரர்கள் கேட்க வேண்டியது ஏவிஎம்எல் என்ற குறியீட்டில் உள்ள உணவு. ‘இந்து மீல்’ என்று பெயரைப் பார்த்து எச்என்எம்எல் கேட்டால் அசைவம் வரும்.

மைல் இல்லாமல் ஏறும் வழிகளும் உண்டு. பல நிறுவனங்கள் மேல்வகுப்பு சீட்டை ஏலம் விடுகின்றன. கவுன்டரில் அன்றைக்கு ஒரு விலை சொல்வதும் உண்டு. எகானமி நிரம்பி வழிந்தால் சிலரை அவர்களே மேலே ஏற்றுவார்கள், அது பெரும்பாலும் உறுப்பினர் நிலையையும் கட்டண வகையையும் பார்த்து. நல்ல சட்டை போட்டுப் புன்னகைத்தால் கிடைக்கும் என்று சொல்லித் திரிவதை நம்ப வேண்டாம்.

காலாவதியும் ரத்தும்

கிரிஸ்ஃபிளையர் மைல் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடம். நடுவில் பறந்தாலும் பழைய மைலுக்கு ஆயுள் கூடாது. கட்டணம் கட்டி ஆறு மாதம் நீட்டலாம். எமிரேட்ஸிலும் மூன்று வருடம், உங்கள் பிறந்த மாதக் கடைசியில் கணக்கு முடிப்பார்கள். ஏவியோஸ் கொஞ்சம் தாராளம்: 36 மாதத்தில் ஒரு தடவையாவது கணக்கில் வரவோ செலவோ இருந்தால் உயிரோடிருக்கும். டெல்டாவில் காலாவதியே இல்லை, ஆனால் அங்கே விலை ஏறுவதுதான் காலாவதி.

டிக்கெட்டை ரத்து செய்தால் மைல் திரும்ப வரும், ஒரு கட்டணம் போக. ஆனால் அந்த மைலின் ஆயுள் ஏற்கெனவே முடிந்திருந்தால் கிரிஸ்ஃபிளையரில் திரும்பி வராது. சாகப் போகிற மைலை வைத்து அடுத்த வருடத்துக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

மைலை விற்பது, புரோக்கரிடம் வாங்குவது இரண்டும் வேண்டாம். கணக்கை மூடிவிடுவார்கள், மூடினால் கேட்க ஆளில்லை. நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் அடிக்கடி புகார் சொன்ன ஓர் உறுப்பினரின் கணக்கை ரத்து செய்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2014-இல் நிறுவனத்துக்குச் சாதகமாகவே முடிந்தது. விதியை இடையில் மாற்றவும் அவர்களுக்கு உரிமை உண்டு: எமிரேட்ஸ் 2025-இல் முதல் வகுப்பு அவார்டை மேல்நிலை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. நிறுவனமே படுத்துவிட்டால்? ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டமான ஜெட்பிரிவிலேஜ் தனி நிறுவனமாக இருந்ததால் மைல் பிழைத்து, இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறியது. ஆனால் உறுப்பினர்கள் சேர்த்ததே ஜெட்டில் பறக்கத்தான்.

பயண நாளில் கோளாறு வந்தால்

மைல் டிக்கெட்தானே என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். விமானப் பயணிகளின் உரிமை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ஆம் விதி மைல் திட்டத்தில் எடுத்த டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று அதன் வாசகத்திலேயே இருக்கிறது. லுஃப்தான்சா ஐரோப்பிய நிறுவனம் என்பதால் சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் இரு திசையும் அதில் அடங்கும். நிறுவனத்தின் தவறால் நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், இந்தத் தூரத்துக்கு ஆளுக்கு 600 யூரோ. பிசினஸ் டிக்கெட்டை எகானமிக்கு இறக்கினால் அந்தப் பகுதியின் விலையில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். போர்டிங் பாஸ், டிக்கெட் எண், தாமதம் பற்றி அவர்கள் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்து, நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாக விண்ணப்பியுங்கள். கவுன்டரில் வவுச்சரை நீட்டினால், உங்கள் கையெழுத்தோடு சம்மதித்தால் மட்டுமே இழப்பீட்டை அப்படித் தரலாம் என்பது அந்த விதி. வேண்டாம் என்று சொல்லிப் பணமாகவே கேளுங்கள்.